50 மீட்டர் தாங்கும் வாட்ச், இடுப்பளவு தண்ணீரில் ஏன் கெட்டுப்போகிறது?

ஃபிட்னஸ் வாட்ச் வாங்கினால் மூன்று இடத்தில் மூன்று விதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் '50 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும்' என்று இருக்கும். உள்ளே உள்ள கையேட்டில் ஸ்கூபா டைவிங் கூடாது, வாட்டர் ஸ்கீயிங் கூடாது, சோப்பு படக் கூடாது, நீராவிக் குளியல் கூடாது என்று வரிசையாகப் போட்டிருக்கும். உத்தரவாத விதிகளைப் புரட்டினால், தண்ணீர் புகுந்து வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வாரம் நாலு நாள் குளத்துக்குப் போகிறவர் இதில் எதை நம்புவது?

மூன்றும் உண்மைதான். 50 என்ற எண், புத்தம் புது வாட்ச் ஒன்று சுத்தமான தண்ணீரில் அசையாமல் சில நிமிடம் தாங்கிய அழுத்தத்தைச் சொல்கிறது. நாம் நீந்தும்போது வாட்சுக்கு வரும் ஆபத்தில் அழுத்தத்தின் பங்கு மிகக் குறைவு. வெப்பம், சோப்பு, உப்பு, அடி, வயது ஆகியவைதான் அதைக் கெடுக்கின்றன. அந்த எண்ணில் இவற்றுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை.

வாட்சைக் காப்பாற்றுவதோடு விஷயம் முடிவதும் இல்லை. வாட்சை நம்பி நீந்துகிறவருக்கும் ஆபத்து உண்டு. அதைப் பற்றிப் பேச்சு குறைவாக இருப்பதால் கீழே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

## அந்த எண் எதை அளக்கிறது?

நம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தத்தை ஒரு வளிமண்டல அழுத்தம், சுருக்கமாக 1 ஏ.டி.எம். என்கிறோம். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய இன்னொரு 1 ஏ.டி.எம். கூடுகிறது. ஆகவே 5 ஏ.டி.எம்., 50 மீட்டர், 5 பார் என்று எப்படி எழுதியிருந்தாலும் ஒன்றுதான்: 50 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தில் வாட்சைச் சோதித்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனைக்கு 2010-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 22810 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அதில் செய்வது இதுதான்:

1. வாட்சை ஒரு அழுத்தக் கலத்துக்குள் தண்ணீரில் வைத்து, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு ஏற்றி 10 நிமிடம் வைத்திருப்பார்கள்.
2. 10 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் வைத்து, பட்டன்கள் மேல் சிறிய விசை ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள்.
3. 40 டிகிரி வெந்நீர், 20 டிகிரி தண்ணீர், மறுபடி 40 டிகிரி என்று ஐந்தைந்து நிமிடம் மாற்றி மாற்றி முக்குவார்கள்.
4. கடைசியில் வாட்சைச் சூடாக்கிக் கண்ணாடி மேல் குளிர்ந்த ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள். கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தால், உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். சோப்பு இல்லை. குளோரின் இல்லை. ஒரு வருடம் கையில் கட்டி, கதவு நிலையில் நாலு தடவை இடித்த வாட்சும் இல்லை. தயாரிக்கும் ஒவ்வொரு வாட்சையும் சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் போதும். நம் கையில் இருக்கும் அதே வாட்ச் அழுத்தக் கலத்தைப் பார்த்திருக்காமலேயே இருக்கலாம்.

முக்குளிப்பவர்களுக்கான வாட்சுகளின் தரநிலை வேறு. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற அந்தத் தரநிலையில் குறைந்தபட்சமே 100 மீட்டர். ஒவ்வொரு வாட்சையும், எழுதியிருக்கும் அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். உப்புத் தண்ணீர்ச் சோதனையும் உண்டு. டைவர் வாட்ச் என்ற பெயரோடு வரும் 100 மீட்டரும் சாதாரண வாட்சில் எழுதியிருக்கும் 100 மீட்டரும் ஒரே உறுதிமொழி ஆகாது.

அப்புறம் ஐ.பி.68 என்று ஒன்று. இது வாட்சுக்கென்று வந்தது கிடையாது. எல்லா மின் சாதனங்களுக்கும் பொதுவான ஐ.இ.சி. 60529 என்ற தரநிலையின் குறியீடு. 6 என்பது தூசு புகாமைக்கு. 8 என்பது 1 மீட்டருக்கு மேலான ஆழத்தில், தயாரிப்பாளரே சொல்லும் ஆழத்துக்கும் நேரத்துக்கும். ஒருவரின் ஐ.பி.68 ஒன்றரை மீட்டரில் 30 நிமிடமாக இருக்கலாம், இன்னொருவருடையது 6 மீட்டராக இருக்கலாம். முங்குவதைத் தாங்கிய சாதனம் பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று இந்தக் குறியீட்டில் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அது தனிச் சோதனை. ஐ.பி.68 மட்டும் போட்டு ஏ.டி.எம். எண் எதுவும் இல்லாத வாட்சை நீச்சலுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதே சரியான முடிவு. கை தவறித் தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கும், அவ்வளவுதான்.

## கை வீசினால் அழுத்தம் எகிறுமா?

'50 மீட்டர் என்பது அசையாத தண்ணீருக்கு; கை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு கூடும்' என்று ஒரு விளக்கம் எங்கும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

ஓடும் தண்ணீர் தரும் கூடுதல் அழுத்தத்துக்குப் பள்ளிக்கூடச் சூத்திரமே போதும்: அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். வேகமாக நீந்துகிறவரின் கை தண்ணீரை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோ. பெருக்கினால் 4,500 பாஸ்கல். இது 0.045 பார், இன்னும் 45 சென்டிமீட்டர் ஆழம் போனது மாதிரி. 2 மீட்டர் ஆழமுள்ள குளத்தின் அடியைத் தொட்டால் 0.2 பார். இரண்டையும் கூட்டினாலும் 0.25-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. வாட்ச் தாங்கியதாகச் சொல்வது 5 பார். கை வீச்சால் வாட்சுக்கு ஒன்றும் ஆகாது.

உயரத்திலிருந்து குதிப்பது அப்படியல்ல. 10 மீட்டர் மேடையிலிருந்து விழும் உடம்பு நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறது. அதே சூத்திரத்தில் போட்டால் ஏறக்குறைய 1 பார். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் படகின் பின்னால் சறுக்கிக்கொண்டு போய் விழுந்தால் 1.4 பார். இதுவும் 5-க்குக் கீழேதான். ஆனால் சூத்திரம் சொல்வது சீரான ஓட்டத்தின் அழுத்தத்தை. வாட்சின் தட்டையான கண்ணாடி தண்ணீரின் மேல் படாரென்று அறையும் அந்தக் கணத்தில், மிகச் சிறு பொழுதுக்கு, அழுத்தம் இதைவிடப் பல மடங்கு ஏறும். அதோடு அந்த அடி ஒரே பக்கமாக வந்து கண்ணாடியையும் பட்டனையும் இடம் பிசகச் செய்யலாம். வேகமான நீர் விளையாட்டு வேண்டாம் என்று கையேடு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

## அப்படியானால் கெடுப்பது எது?

வாட்சுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது சில மெல்லிய ரப்பர் வளையங்களும், பசை வரிகளும், ஒன்றிரண்டு சவ்வுகளும்தான். கண்ணாடி சட்டத்தோடு சேரும் இடத்தில் பசை. பின்மூடியிலும் பட்டன் தண்டிலும் வளையம். ஸ்பீக்கர், மைக், காற்றழுத்த சென்சார் ஆகியவற்றின் துளைகளுக்குப் பின்னால் சவ்வு. இந்த மூன்றையும் பாதிக்கும் எதுவும் வாட்சைப் பாதிக்கும்.

சோப்பு. சோப்பைத் தடை செய்திருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தண்ணீர் தாங்கும் வாட்ச் சோப்புத் தண்ணீரைத் தாங்காதா? அந்தச் சவ்வைக் கிட்டத்தில் பார்த்தால் பதில் கிடைக்கும். ஒலி வெளியே வர வேண்டும், வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் போகக் கூடாது. இதற்காக டெஃப்ளான் குடும்பத்தைச் சேர்ந்த பொருளை இழுத்து நீட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வாகச் செய்து ஒட்டுகிறார்கள். தாமரை இலை மேல் தண்ணீர் உருண்டு நிற்பதைப் போலத்தான் இந்தச் சவ்வின் மேலும் நிற்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் நுண்துளைக்குள் அது நுழைய மறுக்கிறது. சோப்பு, ஷாம்பு எல்லாம் அந்த இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். அழுக்கைக் கழுவ உதவுவதும் அதே குணம்தான். இழுவிசை குறைந்த தண்ணீர் துளைக்குள் எளிதாக இறங்கும். சோப்பின் மிச்சம் சவ்விலேயே காய்ந்துவிட்டால், அடுத்த முறை வெறும் தண்ணீருக்கும் அது வழிவிடும். ஆக, குளத்தில் ஒரு மணி நேரம் நீந்துவதைவிட, அதற்குப் பிறகு வாட்சோடு சோப்புப் போட்டுக் குளிக்கும் ஐந்து நிமிடம் மோசமானது.

வெப்பம். ரப்பர், கண்ணாடி, உலோகம் மூன்றும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் பசை வரி மெல்ல விட்டுக்கொடுக்கும். உள்ளே அடைபட்ட காற்றும் இதில் சேர்கிறது. 80 டிகிரி சூடுள்ள சானா என்ற வெப்பக் குளியல் அறையில் உட்கார்ந்துவிட்டு 20 டிகிரி குளத்தில் குதித்தால், முழுவதும் மூடிய வாட்சின் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 17 சதவீதம் விழும். வெளியே இருக்கும் தண்ணீரை வாட்சே உள்நோக்கி இழுப்பது மாதிரி ஆகிவிடும். வாட்ச் எந்த வெப்பநிலை வரை வேலை செய்யும் என்று கையேடுகள் தரும் எண் பெரும்பாலும் 35, 45 என்ற அளவில்தான் இருக்கும். சானாவும் கொதிநீர்த் தொட்டியும் அதற்கு வெகு தூரம் மேலே. லித்தியம் பேட்டரிக்கும் அந்தச் சூடு ஆகாது.

குளோரின், உப்பு, சன்ஸ்க்ரீன். ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருக்கும். ஒரு நாளில் அது ஒன்றும் செய்யாது. கழுவாமல் விட்டு மாதக்கணக்கில் சேர்ந்தால் ரப்பர் விறைக்கும், சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் மங்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. காய்ந்ததும் பட்டனைச் சுற்றிப் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். அடுத்து பட்டனை அழுத்தும்போது அந்தப் படிகம் வளையத்தைக் கீறும். மணலும் இதையே செய்யும். சன்ஸ்க்ரீன், லோஷன், வாசனைத் திரவம் போன்றவற்றின் எண்ணெய்ப் பசை சில வகை ரப்பரை உப்பவோ தளரவோ செய்யும்.

அடி. கீழே விழுந்து கண்ணாடி உடையாமல் தப்பிவிட்டது என்று நிம்மதிப்படுவோம். விளிம்பில் பசை விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பலமாக விழுந்த வாட்சை, பார்க்க முழுதாக இருந்தாலும், தண்ணீரில் இறக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தண்ணீருக்குள் பட்டன் அழுத்துவது. பட்டனை அழுத்தும்போது அதன் தண்டு வளையத்தை உரசியபடி உள்ளே நகர்கிறது. நீச்சலுக்கென்றே செய்த வாட்சுகள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மற்றவற்றில், நீந்தத் தொடங்கும் முன்பே பதிவை ஓடவிட்டு, மேலே ஏறியபின் நிறுத்துவது நல்லது.

வயது. மேலே சொன்ன எல்லாவற்றின் கூட்டுத்தொகை இதுதான். தண்ணீர் தாங்கும் தன்மை நிரந்தரமானதல்ல, காலப்போக்கில் குறையும் என்று தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். நாம் வெளியிலிருந்து அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. மூன்று வருடம் தினமும் குளத்துக்குப் போன வாட்ச் இன்று எத்தனை மீட்டர் தாங்கும் என்பது பெட்டியில் எழுதப்படாத விஷயம். திரையோ பேட்டரியோ மாற்றப்பட்ட வாட்ச் என்றால், திறந்து மூடியவர் புதிய பசையும் வளையமும் போட்டாரா, அழுத்தச் சோதனை செய்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது.

## சார்ஜர்: கவனிக்காமல் விடும் இடம்

குளத்திலிருந்து வந்ததும் பேட்டரி குறைந்திருக்கும். துண்டால் ஒரு துடை துடைத்துச் சார்ஜரில் வைத்துவிடுவோம். தண்ணீருக்குள் தப்பிய வாட்ச் இங்கே கெட்டுப்போகலாம்.

உப்போ குளோரைடோ கலந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே அந்த ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நடக்கும். ஒரு புள்ளியின் உலோகம் கரைந்து போகும். பச்சையோ கறுப்போ படிவதைப் பார்க்கலாம். உலோகப் புள்ளியில்லாமல் வெறும் பின்புறம் வைத்துச் சார்ஜ் ஏறும் வாட்சுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றிலும் ஈரம் மாட்டிக்கொண்டால் சூடு தேவையில்லாமல் ஏறும்.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். சாம்சங் தன் கேலக்ஸி போன்களைக் குளத்திலும் கடலிலும் வைத்துக் காட்டிய விளம்பரங்கள் தொடர்பாக, ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. தண்ணீரில் முங்கிய போனை முழுதும் காயும் முன் சார்ஜ் செய்தால் சார்ஜ் துளை அரித்துப்போகும் வாய்ப்பு இருந்தது என்பதுதான் அதன் மையம். 2022 ஜூனில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்துக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்கு முன் 2020 நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டிருந்தது. ஐபோன் இத்தனை மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம் செய்தபோது அது ஆய்வக நிலைமைக்கு மட்டும் பொருந்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும், தண்ணீர்ச் சேதத்துக்கு உத்தரவாதம் தர மறுத்ததும் அங்கே குற்றச்சாட்டு. இரண்டும் போன் பற்றியவை. ஆனால் விளம்பரப் படத்துக்கும் உத்தரவாத வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளி வாட்சிலும் அதேதான். அந்த இடைவெளியில் நஷ்டப்படுவது வாங்கியவர்.

## கை மணிக்கட்டுக்கு என்ன ஆகும்?

வாட்சுக்கு அடியில் அரிப்பும் சிவப்புமாக வருவது நீந்துகிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது. எல்லாமே ஒவ்வாமை இல்லை. பட்டைக்கு அடியில் குளோரின் தண்ணீர், வியர்வை, சோப்பு மூன்றும் அடைபட்டு, தோல் காற்றுப் படாமல் ஊறிப்போவதுதான் பெரும்பாலும் காரணம். கழற்றிக் கழுவிக் காயவிட்டால் போய்விடும். போகாமல் தடித்து, கொப்புளமாகி, பட்டை மாற்றினாலும் திரும்ப வந்தால் நிக்கல் அல்லது பசைகளில் உள்ள அக்ரிலேட் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது. இதை லேசாக நினைக்க முடியாது. ஃபிட்பிட் நிறுவனம் 2014-இல் தன் ஃபோர்ஸ் என்ற ஃபிட்னஸ் கைப்பட்டையைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது இப்படிப்பட்ட தோல் புகார்களால்தான்.

பட்டையைப் பொறுத்தவரை சிலிக்கோன் அல்லது அதுபோன்ற ரப்பர் பட்டையே நீச்சலுக்கு ஏற்றது. தோல் பட்டை ஊறி நாறும். துணிப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தக் கொக்கி போட்ட பட்டை, குளத்துச் சுவரை உதைத்துத் திரும்பும்போது கழன்று அடியில் போய்க் கிடக்கலாம். கூர்மையான உலோகப் பட்டை பக்கத்து வரிசையில் வருகிறவரின் கையைக் கீறும். வரிசைக் கயிற்றிலும் மாட்டும். நெரிசலான குளத்தில் இது சின்ன விஷயமே இல்லை. வாட்ச் கூடாது என்று குளத்தின் விதி சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது.

## வாட்ச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இது.

1. இதயத் துடிப்பு. வாட்சின் பின்புறத்துப் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டம் ஏறி இறங்குவதைத் திரும்பி வரும் ஒளியில் படிக்கிறது. தண்ணீருக்குள் வாட்ச் மணிக்கட்டில் லேசாக நகர்ந்தாலே இடையில் தண்ணீர் புகுந்து ஒளி சிதறும். குளிர்ந்த தண்ணீரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் படிக்கவே குறைவாகத்தான் இருக்கும். கை வீச்சின் தாளத்தையே துடிப்பு என்று வாட்ச் எண்ணிவிடுவதும் உண்டு. இதனால் எண் திடீரென்று 60-க்கும் 180-க்கும் தாவினால் முதலில் பட்டையைப் பாருங்கள். நீந்தும்போது மட்டும் பட்டையை ஒரு துளை இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே போட்டால் கொஞ்சம் சரியாகும். இன்னொன்று: படுத்த நிலை, தண்ணீரின் குளிர்ச்சி, முகம் முங்குவது ஆகியவற்றால் நீந்தும்போது துடிப்பு ஓடும்போது இருப்பதைவிடக் குறைவாகவே இருப்பது இயல்பு. ஓட்டத்துக்குப் போட்ட இலக்கு எண்ணைக் குளத்தில் எட்டப் பார்த்து உடம்பை வருத்தக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் இந்த எண்ணை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளவே கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுப் பாரம், தலைசுற்றல் வந்தால் வாட்ச் என்ன காட்டினாலும் மேலே ஏறிவிட வேண்டும்.

2. ஆக்சிஜன் அளவு. மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று வாட்சின் ஆக்சிஜன் எண்ணைப் பார்த்து முடிவு செய்வது உயிரோடு விளையாடுவது. அந்த அளவீட்டுக்குக் கை அசையாமல் சில நொடி இருக்க வேண்டும். மணிக்கட்டில் தெரியும் மாற்றம் மூளையில் நடப்பதற்குப் பின்தங்கித்தான் வரும். நீந்தத் தொடங்கும் முன் வேக வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடத் தூண்டுவது முக்கியமாக அந்த வாயுதான். அது குறைந்திருந்தால் மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே ஆழமில்லாத குளங்களில் இப்படி இறந்திருக்கிறார்கள். எந்த வாட்சும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

3. அவசர அழைப்பு. விழுந்தால் கண்டறியும், ஆபத்தென்றால் உறவினருக்குச் செய்தி அனுப்பும் என்பதெல்லாம் தரையில் சரி. ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரில் சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. செல்பேசி அலைக்கும் ஜி.பி.எஸ். அலைக்கும் அதே கதி. மூழ்கிக்கொண்டிருப்பவரின் மணிக்கட்டு தண்ணீருக்குள் இருக்கும். அந்த வாட்ச் யாரையும் கூப்பிடாது. திரையும் உதவாது: தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் தொடுதிரை அதைப் பல விரல்களாக நினைத்துக் குழம்பும். அதனால்தான் நீச்சல் முறையில் திரை பூட்டப்படுகிறது. உயிர்காவலர் இருக்கும் நேரத்தில், கூட ஒருவரோடு நீந்துவது என்ற பழைய விதிக்கு வாட்ச் மாற்றாகாது. குழந்தை கையில் வாட்ச் இருக்கிறது என்று கரையில் கண்ணை எடுப்பதும் கூடாது.

4. தூரம். குளத்தில் வாட்ச் ஜி.பி.எஸ். பார்ப்பதில்லை. நீங்கள் சொன்ன குள நீளத்தை, சென்சார் உணர்ந்த திரும்பல்களின் எண்ணிக்கையால் பெருக்குகிறது. 25 மீட்டர் குளத்தை 50 என்று போட்டிருந்தால் தூரம் இரட்டிப்பாகும். பலகையைப் பிடித்துக் காலால் மட்டும் உதைத்தால் கை அசையாததால் பல வாட்சுகள் அதை எண்ணாது. கடலிலோ ஏரியிலோ கை மேலே வரும் அந்தச் சிறு இடைவெளியில் கிடைக்கும் ஜி.பி.எஸ். புள்ளிகளைக் கோத்துத்தான் வழியை ஊகிக்கிறது. திரும்பி வரத் தேவைப்படும் தெம்பை அந்த எண்ணை வைத்துக் கணக்கிடாமல், கரையில் ஒரு அடையாளத்தை வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

## இறங்கும் முன்னும் ஏறிய பின்னும்

1. ஏ.டி.எம். எண்ணைப் பாருங்கள். 5 ஏ.டி.எம்.-க்குக் கீழே என்றால் நீச்சல் வேண்டாம். 5 என்றால் குளமும் கரையோர நீச்சலும். ஆழ்முக்குளிப்புக்கு அதற்கென்றே தரச்சான்று பெற்ற கருவி தேவை. 100 மீட்டர் என்ற எண் மட்டும் போதாது.
2. கண்ணாடி விளிம்பு, பின்மூடி, பட்டன் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, விரிசலோ இடைவெளியோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.
3. சன்ஸ்க்ரீன் பூசி, கை காய்ந்தபின் வாட்சைக் கட்டுங்கள்.
4. திரைப் பூட்டைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.
5. ஏறியதும் குழாயை மெதுவாகத் திறந்து, வெறும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலென்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். உப்பு காய்ந்தபின் கழுவுவது பாதிப் பலன்தான்.
6. தண்ணீரை வெளித்தள்ளும் வசதி இருந்தால் ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் அதிர்ந்து, தன் உள்ளறையில் தேங்கிய தண்ணீரைத் துளை வழியே உதறும். ஒலி மந்தமாகக் கேட்டால் இன்னொரு முறை செய்யலாம். ஊசி, குச்சி எதையும் துளைக்குள் விடாதீர்கள். சவ்வு கிழிந்தால் எல்லாம் போச்சு.
7. பட்டையைக் கழற்றி வாட்சையும் மணிக்கட்டையும் தனித்தனியே துடைத்துக் காயவிடுங்கள். சோப்புக் குளியல் வாட்ச் இல்லாமல்.
8. சார்ஜ் புள்ளிகளில் ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்தபிறகே சார்ஜர்.

## உள்ளே தண்ணீர் போய்விட்டால்

கண்ணாடியின் உட்புறம் பனி மாதிரி படிந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால் சரியாகிவிட்டது என்று பலர் திரும்பவும் கட்டிக்கொள்கிறார்கள். ஈரம் எங்கும் போகவில்லை. சூட்டில் ஆவியாகி உள்ளேயே இருக்கிறது. தடுப்பு விட்டுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்த வாட்சின் நீச்சல் வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

உடனே செய்ய வேண்டியது அணைத்து வைப்பது. சார்ஜ் போடக் கூடாது. ஹேர் டிரையர் சூடு பசையை இளக்கி, ஆவியை இன்னும் உள்ளே தள்ளும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் பலன் தராது. அதன் தூளும் மாவும் துளைகளை அடைக்கும். காற்றோட்டமான இடத்தில், துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதே வழி. கடல் தண்ணீர் புகுந்திருந்தால் காத்திருக்கவே கூடாது. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை உப்பு அரிக்கும் வேகம் அதிகம்.

அடுத்த சில நாட்களில் மூன்று அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்: சும்மா இருக்கும்போதே வாட்ச் சூடாவது, பேட்டரி விறுவிறுவென்று இறங்குவது, திரை ஒரு ஓரமாக மேலெழும்புவது. மூன்றாவது இருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். லித்தியம் பேட்டரி தோலோடு ஒட்டிக் கிடக்கும் கருவி இது. அந்த நிலையில் திரையை அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பது, வீட்டிலேயே நெம்பித் திறப்பது, குப்பையில் போடுவது எதுவும் வேண்டாம். கழற்றி, எளிதில் தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்திலோ சேவை மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.